டாப் போதுமா, சார் வேண்டுமா? லினக்ஸ் சர்வர் திணறும்போது எந்தக் கமாண்ட்

ஒரு விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து அதில் வெப்சைட்டையோ பில்லிங் சாஃப்ட்வேரையோ ஓடவிட்டிருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: “காலையில சர்வர் ரொம்ப ஸ்லோன்னு சொன்னாங்க. உள்ள போய் டாப் போட்டுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எச்டாப் போடணுமா? சார்னு ஒண்ணு சொல்றாங்களே, அதா? இல்ல ஏடாப்பா?” இணையத்தில் தேடினால் ஒவ்வொருவரும் தனக்குக் கைப்பழக்கமானதைச் சிபாரிசு செய்கிறார்கள். கலர் கலராக இருக்கிறது என்று எச்டாப்பைக் காட்டுவார் ஒருவர். பழைய ஆள் விஎம்ஸ்டாட்டை விடவே மாட்டார்.

டாப் (top), எச்டாப் (htop), விஎம்ஸ்டாட் (vmstat), சார் (sar), ஏடாப் (atop) எல்லாம் எண்களை எடுப்பது ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்துதான், அதாவது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் திறந்து வைத்திருக்கும் /ப்ராக் (/proc) அடைவிலிருந்து. அதனால் ‘எது துல்லியமானது’ என்று சண்டை போடுவதில் பயனில்லை. எத்தனை நொடிக்கு ஒருமுறை எடுக்கிறது, எடுத்ததை எழுதி வைக்கிறதா, இல்லை அடுத்த நொடியே மறந்துவிடுகிறதா என்பதில்தான் வித்தியாசம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நேரலையில் காட்டும் கருவியைச் சிக்கல் வந்த பிறகுகூட நிறுவிக்கொள்ளலாம். பதிவு செய்யும் கருவி சிக்கல் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, சிக்கல் இப்போது நடக்கிறதா, நடந்து முடிந்துவிட்டதா. பாதிப் பேருக்கு இந்த ஒரு கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, உங்களுக்குத் தேவை ஆளின் பெயரா, நோயின் பெயரா. ‘எந்த ப்ராசஸ்’, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரல் என்று காட்டும் கருவிகள் வேறு. சிபியுவா, மெமரியா, டிஸ்க்கா, நெட்வொர்க்கா என்று பிரித்துக்காட்டும் கருவிகள் வேறு. நோய் தெரியாமல் ஆளைப் பிடித்தால் தப்பான ஆளைப் பிடிப்போம்.

மூன்றாவது, அந்த மெஷினில் ஏற்கெனவே இருக்கிறதா. வாடிக்கையாளரின் சர்வரில் ரூட் (முழு நிர்வாகி) அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் புது சாஃப்ட்வேர் போடக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

நான்காவது, வெளியீட்டை அப்படியே காப்பி செய்து டிக்கெட்டிலோ மெயிலிலோ ஒட்ட முடியுமா. ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு ஹோஸ்டிங் நிறுவனத்தோடு வாதாடுவது கஷ்டம்.

கடைசியாக, மறைவான செலவு. இலவசக் கருவிதான், ஆனால் டிஸ்க் இடம், பாதுகாப்பு, தப்பாகப் புரிந்துகொண்டு எடுக்கும் முடிவு என்று வேறு வழிகளில் பில் வரும்.

| | டாப் | எச்டாப் | விஎம்ஸ்டாட் | சார் | ஏடாப் |
|---|---|---|---|---|---|
| நடந்து முடிந்ததைக் காட்டுமா | இல்லை | இல்லை | இல்லை | ஆம் | ஆம் |
| ப்ராசஸ் பெயர் தெரியுமா | ஆம் | ஆம் | இல்லை | இல்லை | ஆம், முடிந்துபோனவையும் |
| முன்பே இருக்குமா | அநேகமாக எப்போதும் | சில நேரம் | அநேகமாக எப்போதும் | சில நேரம் | அரிது |
| காப்பி செய்து ஒட்ட | பேட்ச் முறையில் முடியும் | சிரமம் | மிக எளிது | மிக எளிது | முடியும், நீளம் |
| மறைவான செலவு | லோடு எண்ணைத் தப்பாகப் படிப்பது | டிஸ்க் காத்திருப்பு கண்ணில் படாது | பழகும்வரை புரியாது | 10 நிமிட சராசரி | டிஸ்க் இடம், ரூட் சேவை |

## டாப்

எந்த லினக்ஸில் நுழைந்தாலும் இருக்கும். அதுதான் இதன் பெரிய பலம். இயல்பாக 3 நொடிக்கு ஒருமுறை திரை மாறும். 1 என்ற எண்ணை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாக விரியும். ஷிஃப்டோடு எம் (M) அழுத்தினால் மெமரிப்படி வரிசை, ஷிஃப்டோடு பி (P) அழுத்தினால் சிபியுப்படி. சி (c) அழுத்தினால் முழு கமாண்ட் வரியும் தெரியும். பத்து பைதான் ப்ராசஸ் ஓடும் மெஷினில் எது எந்த ஸ்க்ரிப்ட் என்று அறிய இதுதான் வழி.

இதில் சறுக்குவது பெரும்பாலும் முதல் வரியில். லோடு ஆவரேஜ் 6 என்று பார்த்ததும் ‘சிபியு போதவில்லை, பெரிய பிளானுக்கு மாறுவோம்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். லினக்ஸில் லோடு ஆவரேஜ் என்பது சிபியுவுக்குக் காத்திருப்பவர்களின் கணக்கு மட்டும் கிடையாது. டிஸ்க்கில் மாட்டிக்கொண்டு எழுப்பவே முடியாத தூக்கத்தில் இருக்கும் ப்ராசஸ்களும் அதில் சேரும். 1993-இல் கர்னலில் செய்த ஒரு மாற்றத்திலிருந்து இப்படித்தான். எனவே லோடு 6 இருந்தும் சிபியு வெட்டியாக உட்கார்ந்திருக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் டபிள்யுஏ (wa, டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம்), எஸ்டி (st, கேட்டும் கிடைக்காத சிபியு நேரம்) இரண்டையும் பார்க்காமல் லோடை மட்டும் படிப்பவர் மாதாமாதம் தேவையில்லாத வாடகை கட்டுவார்.

ப்ராசஸ் 380 சதவீதம் சிபியு எடுக்கிறது என்று காட்டினால் பயப்பட வேண்டாம்; ஒரு கோர் முழுதாக ஓடினால் 100 என்பது கணக்கு, நான்கு கோர் மெஷினில் 400 வரை போகலாம். மெமரி வரியில் ‘ஃப்ரீ’ சிறிதாக இருப்பதும் நோய் இல்லை. கர்னல் மிச்ச மெமரியை ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது ‘அவைல்’ என்று தனியாக வரும் எண்.

டிக்கெட்டில் ஒட்ட வேண்டுமென்றால் ‘டாப் -பி -என் 2’ (top -b -n 2) என்று பேட்ச் முறையில் ஓட்டி, இரண்டாவது பகுதியை மட்டும் எடுங்கள். முதல் பகுதியின் சிபியு எண்களை நம்பிப் பேச முடியாது.

## எச்டாப்

பார்க்க அழகு, கைக்கு வசதி. எஃப்5-இல் ப்ராசஸ் மரமாக விரியும், எஃப்4-இல் பெயர் தட்டி வடிகட்டலாம். உங்கள் சொந்த மெஷினில், உங்கள் கண்ணெதிரே ஏதோ ஒரு ப்ராசஸ் தறிகெட்டு ஓடும்போது இதைவிட வேகமாக ஆளைப் பிடிக்கும் கருவி இல்லை.

ஆனால் யாரும் சொல்லாத ஒரு குறை இதற்கு உண்டு. மேலே வரும் சிபியு பட்டையில், இயல்பான அமைப்பில், டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் தெரியாது. டிஸ்க் மூச்சுத் திணறும் சர்வரில் எச்டாப்பைத் திறந்தால் பட்டைகள் காலியாக, எல்லாம் சுகமாக இருப்பதுபோல் தோன்றும். எஃப்2 அழுத்தி, காட்சி அமைப்பில் சிபியு நேரத்தை விரிவாகக் காட்டும் தேர்வை இயக்கினால்தான் அந்தக் காத்திருப்பு சாம்பல் நிறத்தில் வெளியே வரும். புதிதாக நிறுவியதும் நான் செய்யும் முதல் வேலை இது.

இன்னொன்று த்ரெட், அதாவது ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள். மைஎஸ்கியூஎல் ஒரே ப்ராசஸாக, உள்ளே பல த்ரெட்களோடு ஓடும். எச்டாப் ஒவ்வொரு த்ரெட்டையும் தனி வரியாகக் காட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் அதே 400 எம்பியைப் போடும். அதைக் கூட்டிப் பார்த்துத் தலைசுற்றுபவர்கள் உண்டு. ஷிஃப்டோடு எச் அழுத்தினால் த்ரெட்கள் மறைந்துவிடும்.

ரெட்ஹேட் வழி வந்தவற்றில் இது ஈபெல் (EPEL) என்ற கூடுதல் ரெப்பாசிட்டரியில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் ஈபெல்லுக்கு அனுமதிக்காவிட்டால் கதை முடிந்தது. எஃப்9, பிறகு என்டர், அவ்வளவுதான் ஒரு ப்ராசஸைக் கொல்ல. ரூட்டாக நுழைந்து புதியவர் கையில் கொடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

பீடாப், க்ளான்ஸஸ் இரண்டும் இதே வகைதான். க்ளான்ஸஸ் பைதானில் எழுதியது. 1 ஜிபி மெமரி உள்ள சர்வர் ஏற்கெனவே திணறும்போது அதையும் ஏற்றிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

## விஎம்ஸ்டாட்

பெயரைப் பார்த்து ஒதுங்கிப்போகிறார்கள். என்னைக் கேட்டால், நேரலையில் முதலில் தட்ட வேண்டியது இதைத்தான். ப்ராசஸ் பெயர் எதையும் சொல்லாது, நோயின் பெயரை மட்டும் சொல்லும், அதுவும் ஒரே வரியில். ‘விஎம்ஸ்டாட் 1 4’ என்று தட்டினால் நொடிக்கு ஒன்றாக நான்கு வரி. 1 ஜிபி மெமரியில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் சேர்ந்து ஓடும் சர்வர் திணறும்போது வரும் வெளியீடு ஏறத்தாழ இப்படி இருக்கும். முக்கியமான பத்திகளை மட்டும் மாதிரிக்குக் கொடுக்கிறேன் (யுஎஸ், எஸ்ஒய் சிபியு வேலை செய்த சதவீதம், ஐடி சும்மா இருந்த சதவீதம்):

| ஆர் | பி | எஸ்ஐ | எஸ்ஓ | யுஎஸ் | எஸ்ஒய் | ஐடி | டபிள்யுஏ | எஸ்டி |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | 5 | 0 | 0 | 4 | 1 | 94 | 1 | 0 |
| 1 | 5 | 2140 | 3872 | 6 | 9 | 2 | 83 | 0 |
| 2 | 6 | 1896 | 4410 | 5 | 10 | 1 | 84 | 0 |
| 1 | 4 | 2304 | 2988 | 7 | 8 | 3 | 82 | 0 |

முதல் வரியைத் தூக்கிப்போடுங்கள். அதிலுள்ள ஸ்வாப், சிபியு எண்கள் சர்வர் பூட் ஆனதிலிருந்து இன்றுவரைக்குமான சராசரி. இந்த நொடியைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது. ‘விஎம்ஸ்டாட்’ என்று மட்டும் தட்டி, வரும் ஒற்றை வரியைப் பார்த்து ‘94 சதவீதம் சும்மா இருக்கே’ என்று மூடிவிடுபவர்கள் நிறைய.

அடுத்த மூன்று வரிகளில் கதை இருக்கிறது. ஆர் என்பது சிபியுவில் ஓடுபவர்களும் ஓடக் காத்திருப்பவர்களும்: ஒன்று, இரண்டு. இரண்டு கோர் மெஷினுக்கு இது தாராளம். பி என்பது டிஸ்க் போன்றவற்றில் மாட்டிக்கொண்டவர்கள்: நான்கிலிருந்து ஆறு. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் ஸ்வாப்பிலிருந்து (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) மெமரிக்குள் வருவதும் மெமரியிலிருந்து ஸ்வாப்புக்குப் போவதும். இரண்டும் ஒரே நேரத்தில், நிற்காமல், ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. மெமரி போதாமல் ஒன்றை வெளியே தள்ளி இன்னொன்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது கர்னல். அதன் விளைவுதான் டபிள்யுஏ 80-க்கு மேல் நிற்பது. இதே நேரத்தில் லோடு ஆவரேஜ் 6, 7 என்று காட்டும். அதை நம்பிக் கோர் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒரு மாற்றமும் இருக்காது. பிஎச்பியை ஓட்டும் சேவையான பிஎச்பி எஃப்பிஎம்-இல் அனுமதிக்கும் குழந்தை ப்ராசஸ்களைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மெமரியைக் கூட்ட வேண்டும்.

கடைசிப் பத்தியான எஸ்டி, விபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு மிக முக்கியம். உங்கள் மெஷின் சிபியு கேட்டும், அடியில் இருக்கும் ஹைப்பர்வைசர் (ஒரே பெட்டியைப் பல மெய்நிகர் மெஷின்களுக்குப் பங்கிடும் மென்பொருள்) கொடுக்காத நேரம் அது. தொடர்ந்து இரட்டை இலக்கத்தில் நின்றால் உங்கள் கோடில் தேட ஒன்றுமில்லை; அதே பெட்டியில் மற்றவர்கள் நெருக்குகிறார்கள், அல்லது நீங்கள் எடுத்த பிளானின் வரம்பு முடிந்துவிட்டது. அமேசானின் டி2 வகைகளில் சிபியு க்ரெடிட் தீர்ந்ததும் இந்த எண் ஏறும். டி3-இல் இயல்பாக ‘அன்லிமிடெட்’ முறை இருப்பதால் அங்கே வேகம் குறைவதற்குப் பதில் பில் ஏறலாம். ஹோஸ்டிங் நிறுவனத்தோடு பேசப் போகும்போது ‘விஎம்ஸ்டாட் -டி 1’ (vmstat -t 1) என்று நேரத்தோடு ஓட்டி, அந்தக் கோப்பை அப்படியே அனுப்புங்கள். டபிள்யுஏ, எஸ்டி பத்திகளைப் பார்த்த பிறகு பேச்சு வேறு மாதிரி போகும்.

## சார்

சிஸ்ஸ்டாட் என்ற பேக்கேஜுக்குள் வருகிறது. உடன்பிறப்புகளாக ஐஓஸ்டாட், எம்பிஸ்டாட், பிட்ஸ்டாட் ஆகியவையும் வரும். டிஸ்க்கைக் கரைப்பது எந்த ப்ராசஸ் என்று நேரலையில் பார்க்க ‘பிட்ஸ்டாட் -டி 1’ (pidstat -d 1) ஒன்றுக்காகவே இந்தப் பேக்கேஜை நிறுவலாம்.

சாரின் வேலை பதிவு. 10 நிமிடத்துக்கு ஒருமுறை எண்களை எடுத்து நாளுக்கு ஒரு கோப்பில் எழுதும். சிறிய சர்வரில் ஒரு நாள் கோப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு எம்பியைத் தாண்டாது. மெஷினுக்குப் பாரமே தெரியாது. ரெட்ஹேட் வழியில் 28 நாள், டெபியன் வழியில் 7 நாள் வைத்திருப்பது இயல்பு. ‘சார் -யு’ சிபியு, ‘சார் -ஆர்’ மெமரி, ‘சார் -கியூ’ லோடும் மாட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கையும், பெரிய எழுத்து டபிள்யு போட்டால் ஸ்வாப்.

மறைவான செலவு சராசரியில் இருக்கிறது. சர்வர் 40 நொடி முழுதாக ஸ்தம்பித்து, மீதி நேரம் சும்மா இருந்தால், 10 நிமிடப் பதிவில் அது 7 சதவீதம் என்று அடக்கமாக உட்கார்ந்திருக்கும். இடைவெளியை 1 நிமிடமாகக் குறைப்பது நல்லது. இந்தப் பதிவை நேரத்துக்கு ஓட்டும் சிஸ்டம்டி டைமரைத் திருத்தும்போது ‘ஆன்காலண்டர்’ (OnCalendar) என்பதை முதலில் ஒரு வெற்று வரியால் அழித்துவிட்டுப் பிறகு புதியதை எழுத வேண்டும். இல்லாவிட்டால் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும்.

எந்த ப்ராசஸ் என்பதை சாரின் பதிவு சொல்லாது. இரவு டிஸ்க் வேலை தாங்காமல் திணறியது என்பது தெரியும்; திணறவைத்தது பேக்கப்பா, லாக் ரொட்டேட்டா, தேடுபொறியின் க்ராலரா என்பதை க்ரான் பட்டியலையும் (நேரம் குறித்து ஓடும் வேலைகள்) வெப்சர்வர் லாகையும் பக்கத்தில் வைத்து நீங்கள்தான் பொருத்திப் பார்க்க வேண்டும்.

## ஏடாப்

சாரில் இல்லாததைத் தருவது இது. இயல்பாக இதுவும் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுதும், ஆனால் ப்ராசஸ் பெயர்களோடு எழுதும். பதிவைத் திறந்து சின்ன டி (t) அழுத்தினால் அடுத்த இடைவெளி, பெரிய டி (T) அழுத்தினால் முந்தையது. பி (b) அழுத்தி நேரத்தைக் கொடுத்தால் நேரே அங்கே போகலாம்.

இதன் தனிச்சிறப்பு, இரண்டு பதிவுகளுக்கு இடையில் பிறந்து இறந்துபோன ப்ராசஸ்களையும் பிடிப்பது. நொடிக்குப் பத்து ஷெல் ப்ராசஸ்களைக் கிளப்பி மூடும் ஒரு மோசமான ஸ்க்ரிப்ட் இருந்தால், டாப்பில் சிபியு 90 சதவீதம் என்று காட்டும், ஆனால் பட்டியலில் குற்றவாளி இருக்க மாட்டார். ஏடாப், முடிந்த ப்ராசஸ்களைக் கர்னல் குறித்துவைக்கும் ப்ராசஸ் அக்கவுண்டிங் வழியாக அவற்றையும் எண்ணி, பெயரைக் கோண அடைப்புக்குள் போட்டுக் காட்டும். இந்த வகைச் சிக்கலுக்கு மற்ற நான்கும் உதவாது.

விலையும் உண்டு. ப்ராசஸ் எண்ணிக்கை கூடக்கூட லாக் பெருக்கும். இடைவெளியை 1 நிமிடமாக்கினால் இன்னும். 20 ஜிபி டிஸ்க் உள்ள சர்வரில் எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைக் கட்டாயம் குறையுங்கள். பதிவுச் சேவை ரூட்டாக ஓடுகிறது என்பதும் சின்ன விஷயமில்லை. 2025 மார்ச்சில் ஏடாப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது; ஜிபியு எண்களைத் தரும் துணைச் சேவையோடு தானாகவே இணைய முயன்றதை, அதே மெஷினில் கணக்கு உள்ள ஒருவர் தவறாகப் பயன்படுத்த முடிந்தது. 2.11.1 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். டெபியன் போன்றவை பழைய பதிப்பு எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்திருக்கும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அப்டேட் போட்டுவிடுங்கள். பலர் லாகின் செய்யும் பொதுச் சர்வராக இருந்தால் நான் சாரோடு நிறுத்திக்கொள்வேன்.

## யாருக்கு எது

அடுத்தவரின் சர்வர், எதுவும் நிறுவ அனுமதி இல்லை, சிக்கல் இப்போது நடக்கிறது என்றால் விஎம்ஸ்டாட்டில் நோயைப் பிடித்துவிட்டு டாப்பில் ஆளைத் தேடுங்கள். இந்த வரிசை மாற வேண்டாம்.

சொந்த லேப்டாப், டெவலப்மென்ட் மெஷின் என்றால் எச்டாப். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

வாடிக்கையாளர்கள் நம்பியிருக்கும் சர்வர், நீங்கள் தூங்கும்போதும் ஓடுவது என்றால் சார் கட்டாயம். ‘கிளவுட் நிறுவனத்தின் டாஷ்போர்டு இருக்கிறதே’ என்பார்கள். அமேசானின் க்ளவுட்வாட்ச் கூடுதல் கட்டணமில்லாமல் ஈசி2-வுக்குத் தருவது 5 நிமிடத்துக்கு ஒரு எண். மெமரியை அது வெளியிலிருந்து பார்க்க முடியாது, உள்ளே ஏஜென்ட் போட்டால்தான் வரும். மேலே பார்த்த ஸ்வாப் சிக்கலில் அந்த டாஷ்போர்டில் சிபியு சாதுவாகவே தெரிந்திருக்கும்.

அதே சர்வரில், யார் என்றே தெரியாத திடீர் திணறல் வாரத்துக்கு ஓரிரு முறை வருகிறதென்றால் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் ஏடாப்பையும் ஓடவிட்டு, ஆள் கிடைத்ததும் எடுத்துவிடலாம்.

டாக்கர் கண்டெய்னருக்குள் நுழைந்து டாப்போ எச்டாப்போ தட்டாதீர்கள். உள்ளே தெரியும் மொத்த மெமரியும் லோடும் பெரும்பாலும் அடியில் இருக்கும் ஹோஸ்ட் மெஷினுடையவை, கண்டெய்னரின் வரம்பு அல்ல. வெளியே ஹோஸ்டில் ‘டாக்கர் ஸ்டாட்ஸ்’ (docker stats) தட்டுங்கள்.

## சாரை நிறுவியபின் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள்

டெபியன், உபுண்டுவில் பேக்கேஜை நிறுவுவதோடு வேலை முடியாது. /ஈடிசி/டிஃபால்ட் அடைவில் உள்ள சிஸ்ஸ்டாட் கோப்பைத் திறந்து, ‘எனேபிள்ட்’ என்பதற்கு எதிரில் ‘ஃபால்ஸ்’ என்று இருந்தால் ‘ட்ரூ’ ஆக்கிச் சேவையை மறுபடி தொடங்குங்கள். அரை மணி நேரம் கழித்து ‘சார் -கியூ’ தட்டி இரண்டு மூன்று வரி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஆறு மாதமாக நிறுவியிருந்தும் ஒரு வரி பதிவில்லாத சர்வர்கள் இந்த ஒரு சொல்லால்தான் உருவாகின்றன.

அடுத்தது நேரம். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 15-ஆம் தேதி அதிகாலை 2.30-க்கு சைட் விழுந்தது என்று வாடிக்கையாளர் சொன்னால், சர்வரின் கணக்கில் அது 14-ஆம் தேதி இரவு 21.00. திறக்க வேண்டியது முந்தைய நாள் கோப்பு. ரெட்ஹேட் வழியில் ‘சார் -கியூ -எஃப் /வார்/லாக்/எஸ்ஏ/எஸ்ஏ14 -எஸ் 20:30:00 -இ 21:30:00’ (sar -q -f /var/log/sa/sa14 -s 20:30:00 -e 21:30:00) என்று வரும்; டெபியன் வழியில் அதே கோப்பு /வார்/லாக்/சிஸ்ஸ்டாட் அடைவில் இருக்கும்.